விழித்திரைக்குப் போய்ச் சேரும் செடிகள்

மருந்துக்கடையில் கண்ணுக்கென்று விற்கும் மாத்திரை டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். லூட்டீன், ஸியாசாந்தின், திராட்சை விதைச் சாறு, கிரீன் டீச் சாறு, குர்குமின், குங்குமப்பூ என்று பின்பக்கம் முழுக்கச் செடிகளாக இருக்கும். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. "விழித்திரைச் செல்களைக் காக்கிறது" என்று அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும். அந்த வரி பொய்யல்ல. ஆனால் அதில் சொல்லப்படும் செல் எங்கே இருந்தது, அந்தச் சாறு அதனிடம் எப்படிப் போனது என்பதைப் பார்க்காமல் அந்த வரியை நம்ப முடியாது.

கண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் சில வருடங்கள் செல் வளர்க்கும் வேலை பார்த்தவன் நான். விழித்திரையின் நிறமிச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, அவற்றின் மேல் செடிச் சாறுகளை விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. இப்போது அந்தத் துறையில் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் மாத்திரை டப்பாவைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது நிற்கவில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அத்தைக்கு மாக்குலாச் சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி வயதாக ஆக மெல்லக் கெடும் நோய்) என்று டாக்டர் சொன்ன பிறகு, கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. "ஏங்கண்ணு, நான்தான் வாரத்துல பாதி நாள் பொன்னாங்கண்ணி கடையறனே, அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?" என்று போனில் கேட்டார். சரியான கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் அவரை ஏமாற்றியதாகிவிடும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும், கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட நரம்புப் படலம். அதில் ஏறக்குறைய 12 கோடி குச்சிச் செல்கள் மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவுகின்றன. 60 லட்சம் அளவிலான கூம்புச் செல்கள் நிறத்தையும் நுணுக்கத்தையும் கொடுக்கின்றன. நடுவில் மாக்குலா என்ற சிறு பகுதி. எழுத்துக் கூட்டிப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். இந்தச் செல்களுக்கு அடியில் நிறமி எபிதீலியம் என்று ஒற்றை அடுக்குச் செல்கள் உண்டு. குச்சிச் செல்கள் தங்கள் நுனியில் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கும். உதிர்ந்ததை நிறமிச் செல்கள் விழுங்கிச் செரிக்கும். பிறந்ததிலிருந்து சாகும்வரை இதே வேலை. தோல் போலப் புதிதாக முளைத்து வரும் செல்கள் அல்ல இவை. செத்தால் அந்த இடம் காலிதான்.

இந்த இடத்தில் ஆபத்தான மூன்று பொருள்கள் ஒன்றாகச் சேர்கின்றன. வெளிச்சம் நேராக வந்து குவிகிறது. ஆக்சிஜன் தாராளமாக ஓடுகிறது, ஏனென்றால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. மூன்றாவது, அந்தச் செல்களின் சவ்வு முழுக்க எளிதில் சிக்குப் பிடிக்கும் வகைக் கொழுப்பு. வெளிச்சம் படும் இடத்தில் எண்ணெயைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கப் பார்க்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் செடிப் பொருள்கள் இந்தக் கண்ணுக்கு நல்லது செய்யும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. எண்ணத்தில் பிழையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மூளைக்கு இருப்பதைப் போலவே விழித்திரைக்கும் இரத்தத்திலிருந்து கண்டதை உள்ளே விடாத தடுப்பு உண்டு. இரத்த நாளங்களின் சுவர் ஒரு தடுப்பு, நிறமி எபிதீலியம் இன்னொரு தடுப்பு. ஆகவே நாம் தின்ற செடிப்பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலில் உடைபடாமல் தப்பி, இரத்தத்தில் ஓடி, அந்தத் தடுப்புகளையும் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு சேர்ந்தது என்று ஒவ்வொரு பொருளிடமும் கேட்டுப் பார்த்தால் அந்த நீளமான பட்டியல் வேகமாகச் சுருங்கிவிடும்.

போய்ச் சேர்வதில் முதலிடம் பீட்டா கரோட்டினுக்கு. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் மாம்பழத்திலும் இருப்பது. குடலில் ஒரு நொதி அதை நடுவில் வெட்டினால் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் கிடைக்கும். பார்வையின் வேதியியல் முழுவதும் அந்த ஒரே மூலக்கூறைச் சுற்றித்தான். குச்சிச் செல்லில் அது ஆப்சின் என்ற புரதத்துக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் நிமிரும். அந்த நிமிர்வுதான் பார்வையின் முதல் அசைவு. நிமிர்ந்ததை மறுபடி வளைத்துத் திருப்பி அனுப்புவது அடியில் இருக்கும் நிறமிச் செல்கள். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் ஏ தீர்ந்துபோனால் முதலில் படுப்பது குச்சிச் செல்கள். அதுதான் மாலைக்கண்.

மாலைக்கண் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த நோய். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்குவதற்கு முன்பே, வைட்டமின் ஏ இல்லாமல் கண் போகும் குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மையம் நடத்தியவர். பின்னாளில் அரவிந்தைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வாராவாரம் சிறிய அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வெளியான முடிவு, கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்தது என்று சொன்னது. கண்ணுக்கென்று தொடங்கிய ஓர் அக்கறை உயிரையே காப்பாற்றியது. நம் மண்ணில் நடந்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று இது. பள்ளிப் பாடத்தில் வர வேண்டிய கதை.

கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் அவ்வளவும் வைட்டமின் ஏ ஆகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உணவிலிருந்து 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் போனால் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று 2001-ல் அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் குழு கணக்கிட்டது. அதற்கு முன்பு 6-க்கு 1 என்று வைத்திருந்தார்கள். கீரையின் இலைச் செல்லுக்குள் அது புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. வேகவைத்துக் கடைந்தால் கொஞ்சம் வெளியே வரும், எண்ணெய் சேர்த்தால்தான் குடல் எடுத்துக்கொள்ளும். அத்தை கீரையை நல்லெண்ணெயில் தாளித்துக் கடைவது ருசிக்காக. ஆனால் வேதியியலும் அவர் பக்கம்தான்.

அடுத்தது லூட்டீனும் ஸியாசாந்தினும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இயற்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட கரோட்டினாய்டுகள், அதாவது பீட்டா கரோட்டின் போன்ற மஞ்சள், சிவப்பு நிறமிகள், இருக்கின்றன. நம் சாப்பாட்டில் சில பத்து வருகின்றன. இரத்தத்தில் அதைவிடக் குறைவு. மாக்குலாவின் நடுவில் பார்த்தால் லூட்டீன், ஸியாசாந்தின், லூட்டீனிலிருந்து கண்ணே செய்துகொள்ளும் மீசோ ஸியாசாந்தின், அவ்வளவுதான். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோப்பீன் இரத்தத்தில் ஏராளமாக ஓடினாலும் மாக்குலாவில் இடம் கிடையாது. வைட்டமின் ஏ ஆக மாறாமல் அப்படியே ஓடும் பீட்டா கரோட்டினுக்கும் அதே கதி. ஆனால் இந்த மஞ்சள் நிறமிகள் மட்டும் இரத்தத்தில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக அங்கே சேர்ந்திருக்கின்றன. மாக்குலாவின் மஞ்சள் நிறத்துக்கே காரணம் இவைதான். தற்செயலாக ஒட்டிக்கொண்டதல்ல. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் பெர்ன்ஸ்டீனின் குழு, ஸியாசாந்தினைப் பிடித்து வைக்கும் புரதம் ஒன்றையும் லூட்டீனைப் பிடித்து வைக்கும் புரதம் வேறொன்றையும் மனித விழித்திரையிலேயே கண்டுபிடித்துக் காட்டியது. அதாவது இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் வைத்து வரவேற்கிறது கண். உடம்பால் இவற்றைச் செய்யவே முடியாது. செடியிலிருந்து, அல்லது செடியைத் தின்ற உயிரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

உள்ளே போய் என்ன செய்கின்றன? ஒன்று, நீல ஒளியை விழுங்குகின்றன. 460 நானோமீட்டர் அருகில் அவை உறிஞ்சுவது உச்சம். ஒளி உணரும் கூம்புச் செல்களை எட்டும் முன், அந்தச் செல்களின் நரம்பிழைகள் ஓடும் அடுக்கிலேயே நீலத்தின் ஒரு பகுதி வடிகட்டப்பட்டுவிடுகிறது. இரண்டு, வெளிச்சத்தால் பிறக்கும் வெறிபிடித்த ஆக்சிஜனின் சக்தியை வாங்கிச் சூடாக வெளியேற்றுகின்றன. இலையிலும் இவற்றுக்கு இதே வேலைதான். உச்சி வெயிலில் பச்சையத்தால் தாங்க முடியாத ஒளி வந்து விழும்போது, அந்த மிச்சச் சக்தியை ஆபத்தில்லாமல் வடித்துவிடுவதற்குத்தான் செடி லூட்டீனையும் ஸியாசாந்தினையும் இலைக்குள் வைத்திருக்கிறது. வெயிலில் நின்று பிழைப்பதற்கு இலை கண்டுபிடித்த வழியைக் கண் அப்படியே எடுத்துக்கொண்டது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாத்திரையில் இருக்கும் லூட்டீன் பெரும்பாலும் கீரையிலிருந்து வருவதில்லை. செண்டுமல்லியிலிருந்து வருகிறது. அத்தை ஊருக்குக் கொஞ்சம் வடக்கே சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் போனால் காடு காடாக ஆரஞ்சு நிறத்தில் தெரியுமே, அதே பூ. மாலை கட்டப் போகும் பூ ஒரு பக்கம், சாறெடுக்க ஒப்பந்தத்தில் போகும் பூ இன்னொரு பக்கம். பூவைக் குவித்துப் புளிக்கவைத்து, உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிசின் போன்ற சாறு எடுக்கிறார்கள். பூவில் லூட்டீன் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து இருக்கும். காரம் சேர்த்து அதைப் பிரித்துத் தனி லூட்டீன் ஆக்குகிறார்கள். முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறமாக வர வேண்டும் என்று கோழித் தீவனத்தில் கலப்பதும் இந்தச் சாறுதான். ஆக, மஞ்சள் கரு சாப்பிடுபவருக்கும் லூட்டீன் கிடைக்கும். கருவில் கொழுப்போடு சேர்ந்திருப்பதால் கீரையில் இருப்பதைவிட எளிதாக உறிஞ்சப்படுகிறது. அத்தை சைவம், அதனால் இந்த வழி அவருக்கு இல்லை.

போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் வேலையும் செய்கிறது. நோயைத் தடுக்கிறதா? இதற்குப் பதில் சொல்லத் தட்டும் செல்லும் போதாது. ஆயிரக்கணக்கான மனிதர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம் அதைச் செய்தது. ஏரெட்ஸ் என்ற முதல் ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. வைட்டமின் சி, ஈ, 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலை மாக்குலாச் சிதைவு உள்ளவர்களுக்கு அது முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஐந்து வருடத்தில் கால் பங்கு அளவுக்குக் குறைத்தது. நோயைத் திருப்பவில்லை, போன பார்வையைக் கொண்டு வரவில்லை. வேகத்தைக் குறைத்தது. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. மாத்திரை விளம்பரங்கள் விட்டுவிடும் பகுதி இது.

அந்த மாத்திரையில் ஒரு முள் இருந்தது. 1994-ல் பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. 1996-ல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் அதையே உறுதி செய்தது. கேரட்டில் இருக்கும்போது ஒரு பொருள் காட்டும் குணமும், அதையே பிரித்துப் பல மடங்கு கொடுக்கும்போது காட்டும் குணமும் ஒன்றல்ல. "செடியிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது" என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வுதான் என் நினைவுக்கு வரும்.

அதனால் இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் ஸியாசாந்தினும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். 2013-ல் வந்த முடிவை நேர்மையாகச் சொன்னால், பழைய மாத்திரையோடு இவற்றைக் கூடுதலாகச் சேர்த்ததால் மொத்தக் குழுவில் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. மீன் எண்ணெயாலும் இல்லை. ஆனால் சாப்பாட்டில் இந்த நிறமிகளை மிகக் குறைவாக எடுத்துக்கொண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்தது. அத்தையின் கேள்விக்கு மிக அருகில் வரும் எண் இதுதான். கீரை தின்பவருக்கும் தின்னாதவருக்கும் மாத்திரை ஒரே அளவு உதவாது. பத்து வருடத் தொடர் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு, லூட்டீன் சாப்பிட்டவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. நோய் முற்றுவதைத் தள்ளிப்போடுவதிலும் பீட்டா கரோட்டினைவிட லூட்டீனும் ஸியாசாந்தினும் மேல். இன்று மருத்துவர்கள் எழுதித் தருவது அந்த இரண்டாவது கலவையைத்தான்.

இப்போது என் பழைய வேலைக்கு வருகிறேன். மற்ற செடிகள் எல்லாம் டப்பாவுக்குள் வந்த வழி அதுதான்.

உலகம் முழுக்க விழித்திரை ஆய்வுக்கூடங்களில் வளரும் செல் வகை ஒன்று உண்டு, பெயர் ஏ.ஆர்.பி.இ.-19. 1986-ல், விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நிறமிச் செல்களின் வழித்தோன்றல்கள். அந்த இளைஞர் யாரென்று அவற்றை வளர்க்கும் யாருக்கும் தெரியாது. வாரம் இரண்டு முறை மீடியாவை (செல்கள் வளரும் ஊட்டக் கரைசலை) மாற்றும்போது அவரை நினைத்துக்கொள்வேன். சோதனை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். 96 குழிகள் உள்ள தட்டில் செல்லைப் பரப்ப வேண்டும். செடிப்பொருளை டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானில் கரைத்து விட வேண்டும். சில மணி நேரம் கழித்து ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுச் செல்லை வாட்ட வேண்டும். மறுநாள் மஞ்சள் நிற எம்.டி.டி. சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா அதிகம் என்றால் செல் பிழைத்தது, செடி காத்தது. தட்டு ஊதாவாக மாறுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் உண்மையானது.

ஆனால் அந்த ஊதாவுக்குப் பல வழிகள் உண்டு. கிரீன் டீயிலும் திராட்சையிலும் இருக்கும் பாலிஃபீனால்கள், செல்லே இல்லாத குழியில்கூட எம்.டி.டி. சாயத்தை நேரடியாக நிறம் மாற்றும். அதே பாலிஃபீனால்கள் வளர்ப்பு மீடியாவில் கரைந்து நிற்கும்போது தாமாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் என்று பாரி ஹாலிவெல்லின் குழு சிங்கப்பூரில் காட்டியிருக்கிறது. அதாவது காக்க வந்த பொருள் முதலில் சிறிய அடி கொடுக்கிறது, செல் விழித்துக்கொண்டு தன் தற்காப்பைக் கூட்டுகிறது, பிறகு வரும் பெரிய அடியைத் தாங்குகிறது. அது கண்ணுக்குள்ளும் அப்படியே நடக்குமா என்பதற்குத் தட்டில் பதில் இல்லை. செல் இல்லாத குழி ஒன்றையும், சாயம் மட்டும் உள்ள குழி ஒன்றையும் வைத்து ஒப்பிடாத கட்டுரையை நான் நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

செல்லே வேறாக இருந்த கதையும் உண்டு. மூளைக்குச் செய்தி அனுப்பும் விழித்திரை நரம்புச் செல்லை வளர்ப்பது கடினம். 2001-ல் ஆர்.ஜி.சி.-5 என்று ஒரு செல் வகை வந்தது, எலியின் நரம்புச் செல் என்றார்கள். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) ஆராய்ச்சி செய்தவர்கள் ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள். அதன் மேல் செடிப்பொருள்களை விட்டு "நரம்புச் செல்லைக் காக்கிறது" என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். 2009-ல் அது எலியின் செல்லே அல்ல, சுண்டெலியின் செல் என்று மரபணுச் சோதனை சொன்னது. 2013-ல், அதை முதலில் உருவாக்கிய குழுவே தேடிப் பார்த்து, ஏற்கெனவே தங்கள் கூடத்தில் இருந்த, கூம்புச் செல் சாயல் கொண்ட 661டபிள்யூ என்ற வேறு செல்தான் அது என்று வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மைக்கு என் வணக்கம். ஆனால் பழைய கட்டுரைகள் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. மாத்திரை விற்பவர்கள் இன்னும் அவற்றை மேற்கோள் காட்டலாம்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத உறவினரே இல்லை. மஞ்சள் பொடியில் சுமார் 3 சதவீதம்தான் குர்குமின். தட்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. 10 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்வைச் சொல்லும் அலகு) அளவில் விட்டுச் செல்லைக் காப்பாற்றியதாக எழுதுகிறார்கள். அந்த அளவைக் கூட்டினால் அதே நிறமிச் செல்களைக் கொல்கிறது என்றும் ஜெர்மானியக் குழு ஒன்று 2013-ல் காட்டியது. மனிதர்களுக்கு நாளைக்கு 8 கிராம் சுத்தக் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோதே இரத்தத்தில் 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. குழம்பில் போடும் மஞ்சளில் அது எங்கே? குடலும் ஈரலும் அதைச் சில நிமிடங்களில் வேறாக மாற்றிவிடுகின்றன. போதாததற்குக் குர்குமின் தானே ஒளிரும் பொருள், பல சோதனைகளில் பொய்யான நல்ல முடிவைத் தரக்கூடியது. 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எழுதி எச்சரித்தார்கள். மஞ்சளைச் சமையலில் போடுங்கள். கண் மருந்தென்று காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

குங்குமப்பூ கொஞ்சம் வேறு மாதிரி. 2010-ல் இத்தாலியில் ஆரம்ப நிலை மாக்குலாச் சிதைவு உள்ள 25 பேருக்கு நாளைக்கு 20 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்து, விழித்திரை ஒளிக்குத் தரும் மின் பதிலை அளந்தார்கள். பதில் கூடியிருந்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் 100 பேரிடம் நடந்த ஆய்விலும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. தட்டைத் தாண்டி மனிதக் கண்ணில் அளந்தார்கள் என்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் மாதங்கள் வேறு, வருடங்கள் வேறு. சிதைவைத் தள்ளிப்போடுமா என்று சொல்ல இந்த அளவு போதாது.

செடிப்பொருள் உண்மையிலேயே விழித்திரையை எட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? 1785-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் டிஜிட்டாலிஸ் செடியை இதய நோய்க்குக் கொடுத்து எழுதிய குறிப்பில், அளவு மீறினால் நோயாளிக்குப் பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும் என்று பதிந்திருக்கிறார். அந்த இனச் செடியிலிருந்து வரும் டிகாக்சின் இன்றும் இதயத்துக்குத் தரப்படுகிறது. செல்லின் உள்ளே வெளியே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றும் பம்பை அது அடைக்கிறது. கூம்புச் செல்கள் அந்தப் பம்பை நம்பியே இயங்குவதால் முதலில் அவைதான் தடுமாறும். இரத்தத்தில் அதற்கு வேண்டிய அளவு சில நானோமோலார். தட்டில் குர்குமினுக்குத் தேவைப்பட்டதில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு செடிப்பொருள் இலக்கைச் சரியாகப் பிடித்தால் இவ்வளவு குறைவே போதும்.

சின்கோனாப் பட்டையின் கொய்னாவும் அப்படித்தான். 1860-களிலிருந்து நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா பயிரிட்டுக் கொய்னா எடுத்தார்கள். மலேரியாவிலிருந்து கணக்கற்ற உயிர்களைக் காத்த அதே மருந்து, அளவு மீறினால் விழித்திரைச் செல்களைத் தாக்கிச் சில மணி நேரத்தில் பார்வையைப் பறிக்கும். அதன் வழியைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்யப்பட்டவை குளோரோகுயினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும். மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் இன்று பலர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அது நிறமிச் செல்லின் மெலனினில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொடங்கும்போது ஒருமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் 2016-ல் சொன்னது. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண்ணைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

அத்தைக்கு ஒரு கண்ணில் நோய் முற்றிவிட்டது, மறு கண் நடுத்தர நிலை. இந்த நிலையில் உள்ளவர்களைத்தான் அந்த இரண்டாவது ஆய்வில் சேர்த்திருந்தார்கள். அதனால் டாக்டர் எழுதியது சரி என்று சொன்னேன். "அப்ப கீரைய நிறுத்திரலாமா?" என்றார். வேண்டாம் அத்தை, நிறுத்தாதீங்க என்றேன். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டையை அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோடு வளைந்து தெரிந்தாலோ நடுவில் கறுப்பாக மறைத்தாலோ மறுநாளைக்குக்கூடத் தள்ளக் கூடாது. விழித்திரைக்கு அடியில் இரத்தம் கசியும் வகையாக மாறியிருந்தால் அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசிதான் மருந்து. எந்தக் கீரையும் எந்த மாத்திரையும் அந்த நேரத்தில் உதவாது.

அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் மாமாவும் அதே டப்பாவிலிருந்து தினம் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணுக்கு நல்லதுதானே என்றார். அவருக்கு மாக்குலாவில் ஒன்றுமில்லை, ஆனால் நாற்பது வருடமாகப் பீடி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் எழுதியது கிடைக்கவில்லை என்று கடையில் மாற்றிக் கொடுத்த வேறு கம்பெனி மாத்திரை, அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. அன்றைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீனும் ஸியாசாந்தினும் உள்ளதை அத்தைக்கு வாங்கினோம். மாக்குலாச் சிதைவுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் பெரியது புகைதான் என்று மாமாவிடம் சொன்னேன். அடுத்த முறை அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது அவரும் உடன் வந்து காட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.